ஆட்டத்துக்கு முன்பே விழுந்த மாலை

இந்த வருடம் போட்டிச் செயலாளர் மேசைக்கு வேலைக்கு வந்திருக்கிற உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு விதிப்புத்தகம் தந்திருப்பார்கள். நல்ல தடித்த அட்டை. பகல் வெயிலில் விசிறிக்கொள்ள உதவும். அதில் இருப்பதை நான் திரும்பவும் படித்துக் காட்டப் போவதில்லை. சர்வதேசக் குரோக்கே சாம்பியன்ஷிப்புக்குள் ஓர் ஆட்டக்காரர் எப்படி நுழைகிறார், எப்படி வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பப்படுகிறார் என்பதை மட்டும் சொல்கிறேன். போட்டிச் செயலாளரின் வேலை அதுதான். மற்றதெல்லாம் கூடாரம் அடிப்பதும் குளிர்பானம் எடுத்துக் கொடுப்பதும்.

நான் கற்பிட்டிக்காரன். அரசாங்கப் பாடசாலையில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கரப்பந்து, வலைப்பந்து, எல்லே என்று விசில் ஊதியே தொண்டை போனவன். குரோக்கே என்ற பேரை முதலில் கேட்டபோது ஏதோ புதுவகை பிஸ்கட் என்றுதான் நினைத்தேன். உங்களில் பாதிப்பேரும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள், வெட்கப்பட வேண்டாம்.

யுத்தம் முடிந்ததும் எங்கள் கரை முழுவதும் ஹோட்டல்கள் முளைத்தன. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்குகிற வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். அது எல்லா ஹோட்டலிலும் இருக்கிறதே என்று ஒரு முதலாளிக்குக் கவலை. அவர் கொழும்பில் யாரோ பெரிய மனிதர்கள் குரோக்கே ஆடுவதைப் பார்த்துவிட்டு வந்து, மணலும் உப்புக்காற்றும் உள்ள இடத்தில் இரண்டு புல்தரை போட்டார். கரைத்தீவுப் பக்கத்துக் குடியேற்றங்களுக்குக் குடிதண்ணீர் பவுசர் வண்டி வராத நாட்கள் இருந்தன. அந்தப் புல்லுக்குத் தண்ணீர் வராத நாள் ஒன்றையும் நான் பார்க்கவில்லை.

விளையாட்டு இலேசானது. நீண்ட பிடிபோட்ட மரச்சுத்தியலால் பந்தைத் தட்டி, தரையில் நட்ட கம்பி வளையத்துக்குள்ளால் முதலில் அனுப்புகிறவருக்கு ஒரு புள்ளி. பிறகு அடுத்த வளையம். உடுப்பு வெள்ளை. குரல் உயர்த்தக் கூடாது. வேர்க்காமல் ஒருவரையொருவர் வெறுப்பதற்கு இதைவிட நாகரிகமான வழி எனக்குத் தெரியாது.

முதலாளிக்கு ஆட்கள் பழக்கம். சர்வதேசச் சாம்பியன்ஷிப்பையே எங்கள் ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார். செயலாளர் வேலைக்கு ஆங்கிலமும் தமிழும் சிங்களமும் தெரிந்த, சம்பளம் குறைத்துக் கேட்கிற ஒருவர் தேவைப்பட்டார். அப்படித்தான் நான் உள்ளே வந்தேன். எனக்குத் தகுதிகாண் சுற்று ஒன்றும் வைக்கவில்லை.

ஆட்டக்காரர்கள் உள்ளே வர நாலு வழி உண்டு. உலகத் தரவரிசையில் மேலே இருப்பவர்களை யாரும் எதுவும் கேட்பதில்லை. அவர்கள் வருகிறார்கள், அறை பிடிக்கவில்லை என்கிறார்கள், ஆடுகிறார்கள். இரண்டாவது, ஒவ்வொரு நாட்டுக்கும் ஒதுக்கிய இடம். அதை அந்தந்த நாட்டுச் சங்கம் நிரப்பும். எந்த நாட்டுக்கு ஆடுவது என்பது ஆட்டக்காரரின் வசதி. தாயின் தகப்பன் எங்கோ பிறந்திருந்தால் அந்த நாட்டுக்கு ஆடலாம். மூன்றாவது, போட்டி நடக்கிற இடத்திலேயே முதல் இரண்டு நாள் வைக்கிற தகுதிகாண் சுற்று. சிறுசிறு பிரிவாக ஆடி, ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு பேர் பிரதான சுற்றுக்குப் போவார்கள். நாலாவது, குழுவின் விருப்பத்தில் கொடுக்கிற சிறப்பு இடம். யாருடைய விருப்பம், யாருக்குக் கொடுக்கிறது என்று செயலாளர் கேட்கக் கூடாது.

எங்கள் நாட்டுக்கு ஒதுக்கிய இடத்தைக் கொழும்பிலிருந்து வந்த சங்கத் தலைவர் தனக்கே எடுத்துக்கொண்டார். அவரைத் தெரிவு செய்த குழுவில் அவரும் அவருடைய மைத்துனரும் இருந்தார்கள், ஆகவே வாக்கு ஏகமனதாக இருந்தது. உள்ளூரார் மற்ற எவரும் தகுதிகாண் சுற்றுக்குத்தான் வரவேண்டும். அதற்கு ஒரு மாவட்டக் கிளையின் சிபாரிசுக் கடிதம் வேண்டும், கிளைக்கு ஓர் இடம்தான். வெளிநாட்டவருக்கு அது தேவையில்லை. அவர்களுக்கு விமானச் சீட்டுப் போதும்.

மாவட்டக் கிளை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். சாம்பியன்ஷிப் வருகிறது என்று தெரிந்த மாதமே சங்கம் அவசரமாக உண்டாக்கிய கிளைகள் அவை. எங்கள் புத்தளக் கிளையின் செயலாளர் இரும்புக்கடை வைத்திருந்தார். சுத்தியல் விற்கிறவர் என்பதால் தெரிவு செய்திருக்கலாம். மன்னார்க் கிளையிடம் ஒரு முத்திரையும் ஒரு கடிதத்தலைப்பும் இருந்தன. புல்தரையோ பந்தோ இருக்கவில்லை.

இப்போது றிஸ்னாவிடம் வருகிறேன். ஹோட்டலின் விளையாட்டுப் பகுதியில் வேலை செய்தாள். துணையில்லாமல் வருகிற விருந்தினரோடு குரோக்கே ஆடுவது அவளுடைய வேலை. ஆடித் தோற்பதும் அந்த வேலையில் அடக்கம், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்தப் பகுதிதான் அவளுக்குக் கைவரவில்லை. எவரையும் விட்டுவைக்க மாட்டாள். தேனிலவுக்கு வந்த மாப்பிள்ளையை மணப்பெண்ணுக்கு முன்னால் தோற்கடித்தாள், வெளிநாட்டு வங்கி அதிகாரியைத் தோற்கடித்தாள், கடைசியில் முதலாளியையே தோற்கடித்தாள். முறைப்பாடுகள் குவிந்தன. சீசன் முடிந்ததும் அவளைச் சலவைப் பகுதிக்கு மாற்றுவது என்று முடிவாகிவிட்டது. உலகத் தரவரிசையில் பேர் உள்ள ஆளாக இருந்தால் பயிற்சியாளர் என்று வைத்துக்கொள்ளலாம் என்று முகாமையாளர் அவளிடம் ஒரு கதைக்குச் சொல்லியிருந்தார். நடக்காது என்ற தைரியத்தில் சொன்னது. ஆனால் சாம்பியன்ஷிப்பின் பிரதான சுற்றில் ஆடினாலே பேர் தரவரிசையில் ஏறும், ஏறிவிட்டால் அதன்பிறகு எந்தக் கிளையின் கடிதமும் தேவையில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுடைய குடும்பம் தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, எங்கள் புத்தள மாவட்டத்துக் கரைத்தீவில் குடியேறியது. அவள் அதற்குப் பிறகு புத்தளத்தில் பிறந்தவள். முதலில் இரும்புக்கடைக்குப் போய்க் கடிதம் கேட்டாள். செயலாளர் மரியாதையான மனிதர், கதிரை போட்டுக் கொடுத்தார். "உங்கட வாக்குப் பதிவு மன்னார்லதானே தங்கச்சி இருக்கு. அங்க கேட்டாத்தான் முறை," என்றார். அவள் மன்னாருக்குத் தொலைபேசி எடுத்தாள். அவர்களும் மரியாதையானவர்கள்தான். "நீங்க இருக்கிறது புத்தளத்தில. இங்க இருக்கிற பிள்ளையள விட்டுட்டு உங்களுக்கு எப்பிடித் தாறது?" என்றார்கள். அங்கே இருக்கிற பிள்ளைகளில் எவரும் குரோக்கே என்ற சொல்லையே கேட்டதில்லை என்பது வேறு கதை.

அவள் என்னிடம் வந்தபோது அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும், ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பேன். அவள் தகுதிகாண் சுற்று விண்ணப்பங்கள் ஒட்டியிருந்த பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் ஒருவருடைய நாட்டைக் காட்டி, இவர் இந்த நாட்டில் எப்போதாவது இருந்திருக்கிறாரா என்று கேட்டாள். இரண்டுமுறை விடுமுறைக்குப் போயிருக்கிறாராம், தாயின் தகப்பன் பிறந்த இடம் என்றேன்.

"அவருக்கு மூத்தவாப்பா பொறந்த நாடு போதும். எனக்கு எங்கட வாப்பா பொறந்த ஊரும் காணாது, நான் பொறந்த ஊரும் காணாது. அப்ப நான் எங்க போய்ப் பொறக்கணும் சேர்?"

எனக்குக் கோபம் வந்தது. யாரில் கோபப்படுவது என்று தெரியாததால் தேநீர் கொண்டுவந்தவரை ஏசினேன்.

அந்த வருடம் தலைமை நடுவராக வந்தவர் வயதான ஒரு வெளிநாட்டு அம்மா. பேர் சொல்ல மாட்டேன், அவருக்குப் புகழ்ச்சி பிடிக்காது. காற்றில் பறக்காமல் தொப்பியை நாடாவால் நாடியோடு கட்டியிருப்பார். ஆட்டக்காரர்களைவிட விதிப்புத்தகத்தை நேசித்தவர். நான் அவரிடம் உதவி கேட்கவில்லை, புலம்பினேன். அவர் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். தகுதிகாண் சுற்றின் காலையில் ஆட்டக்காரர்கள் மேசைக்கு வந்து பேர் சொல்ல வேண்டும், மணி அடித்த பிறகும் வராதவருடைய இடம் அங்கே காத்து நிற்கிற மேலதிக ஆட்டக்காரருக்குப் போகும் என்று அந்தப் பக்கத்தில் இருந்தது. மேலதிக ஆட்டக்காரருக்கு மூன்றே நிபந்தனை. வெள்ளை உடுப்பு, தட்டைச் செருப்பு, கையில் சொந்தச் சுத்தியல். சிபாரிசைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதை எழுதியவர்கள் எங்கள் கிளைகளைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள்.

புத்தளக் கிளை தன்னுடைய இடத்தை உள்ளூர் அரசியல்வாதி ஒருவரின் மச்சானுக்குக் கொடுத்திருந்தது. நல்ல மனிதர், கோழிப்பண்ணை வைத்திருந்தவர். சுத்தியலை எந்த முனையில் பிடிப்பது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே றிஸ்னாதான்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உங்களுக்குத் தெரியும். ஒருவர் சர்வதேசப் போட்டிக்குப் போகிறார் என்றால் ஆடி முடியும்வரை நாங்கள் பொறுக்க மாட்டோம். முடிந்த பிறகு பாராட்டுவதில் ஆபத்து இருக்கிறது, தோற்றுவிடலாம். ஆகவே போகும்போதே மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, பேசவேண்டிய எல்லாவற்றையும் பேசிவிடுவோம். தகுதிகாண் சுற்றன்று காலை மச்சானுக்குப் பாலாவிச் சந்தியில் முதலாவது வரவேற்பு. அங்கே மூன்று பேர் பேசினார்கள். நுரைச்சோலையில் இரண்டாவது. அங்கே மேளமும் ஊதுகுழலுமாகப் பப்பரே வாத்தியமும் வந்திருந்தது. இடையில் ஒரு கடைத்தெருவில் வியாபாரிகள் தங்களை விட்டுவிட்டதாகக் குறைப்பட்டு வாகனத்தை மறித்தார்கள். இதெல்லாம் எனக்குத் தொலைபேசியில் வந்துகொண்டிருந்த செய்தி.

நான் மேசையில் இருந்தேன். ஹோட்டலில் சாப்பாட்டுக்கு அடிக்கிற மணியைக் கடன்வாங்கி வைத்திருந்தேன். ஆட்டக்காரர்கள் எல்லோரும் பேர் சொல்லிவிட்டார்கள், ஒருவரைத் தவிர. கூடாரத்தின் ஓரத்தில் றிஸ்னா நின்றாள். வெள்ளை அபாயா, வெள்ளைத் தலைத்துணி, தட்டைச் செருப்பு. சுத்தியல் அவளுடைய சொந்தம். விருந்தினர் ஒருவர் அவளிடம் தோற்ற கோபத்தில் வேண்டாம் என்று விட்டுப்போனது.

இரும்புக்கடைச் செயலாளர் தொலைபேசி எடுத்தார். "சேர், கொஞ்சம் பொறுங்க. இப்பதான் நுரைச்சோலையில இறங்கினவர். சனம் விடுறாங்க இல்ல," என்றார். பிறகு சங்கத் தலைவர் வந்து என் தோளைத் தட்டினார். ஐந்து பத்து நிமிடத்தால் உலகம் அழியாது என்றார். பிறகு முதலாளியே வந்துவிட்டார். ஹோட்டல் நிற்கிற காணியின் குத்தகை அந்த அரசியல்வாதியின் ஒரு சொல்லில் இருக்கிறது என்பதை அவர் மிக அழகாக, காணி என்றோ குத்தகை என்றோ சொல்லாமல் எனக்கு விளங்கப்படுத்தினார். அடுத்த வருடமும் நான் இந்த வேலையில் இருக்க வேண்டும் என்பது தன்னுடைய ஆசை என்றும் சொன்னார்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்த இடத்தில்தான் நீங்கள் காது கொடுக்க வேண்டும். அப்படியான நேரத்தில் நியாயம் அநியாயம் என்று மண்டையைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அந்த வாதத்தில் தோற்றுவிடுவீர்கள், ஏனென்றால் பெரிய மனிதர்கள் நியாயம் பேசுவதில் தேர்ந்தவர்கள். நான் எனக்குள் ஒன்றை மட்டும் கேட்டேன். வராமல் இருப்பவர் மச்சானாக இல்லாமல் றிஸ்னாவாக இருந்து, அவள் வந்த பஸ் பழுதாகி நுரைச்சோலையில் நின்றால், இவர்களில் யாராவது என் தோளைத் தட்டியிருப்பார்களா? அதற்குப் பதில் தெரிந்ததும் மணியை எடுத்து அடித்தேன்.

இதை வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். மாதாமாதம் ஓய்வூதியம் வருகிற மனிதனுக்கு வீரம் மிகவும் சுலபம்.

சங்கத் தலைவர் விடவில்லை. உடுப்பு விதிப்படி இல்லை, நிலம் வரைக்கும் வருகிறது என்றார். நான் தலைமை நடுவரைப் பார்த்தேன். அவர் றிஸ்னாவைச் சுற்றி ஒருமுறை நடந்தார். வெள்ளை என்று விதியில் இருக்கிறது, எவ்வளவு வெள்ளை என்று இல்லை, கூடுதலாக இருப்பதில் தவறில்லை என்றார். பாவம், அடுத்த நாள் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு வெள்ளை உடுப்போடு தெருவில் போன ஆண்கள் அத்தனை பேரையும் பார்த்துவிட்டு, இந்த ஊரில் இவ்வளவு ஆட்டக்காரர்களா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டவரும் அவர்தான்.

முதலாவது ஆட்டம் தொடங்கிய பிறகு பப்பரே சத்தம் கேட்டது. மச்சான் இறங்கினார். மாலைகள் காதுவரை நின்றன, முகத்தைத் தேடவேண்டியிருந்தது. இனிக் கத்தப் போகிறார் என்று நான் எழுந்து நின்றேன். அவர் என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"சேர், அல்ஹம்துலில்லாஹ். எனக்கு விளையாடத் தெரியாதுண்டு உங்களுக்குத் தெரியும்தானே. இந்த மாலையள எங்க வைக்கிற?"

அவரை உற்சாகப்படுத்த இரண்டு பஸ்ஸில் ஆட்கள் வந்திருந்தார்கள். சாப்பாடு தருவதாகப் பேசிக் கொண்டுவந்த கூட்டம், திரும்பிப் போகவும் முடியாது. யாரையாவது உற்சாகப்படுத்தித்தானே ஆகவேண்டும். மச்சானே முன்னால் நின்று றிஸ்னாவுக்குக் கைதட்டத் தொடங்கினார். குரல் உயர்த்தக் கூடாத விளையாட்டில் பப்பரே ஊதியது உலகத்திலேயே அன்றுதான் முதல்முறை என்று நினைக்கிறேன்.

ஆட்டத்தை வளையம் வளையமாகச் சொல்ல மாட்டேன். மூத்தவாப்பாவின் நாட்டுக்கு ஆடியவரும் றிஸ்னாவும் ஒரே பிரிவில் இருந்தார்கள். மற்ற ஆட்டங்கள் முடிந்தபோது பிரிவின் இரண்டாவது இடம் இவர்கள் இருவருக்கும் நடுவில் நின்றது. ஆட்டம் சமநிலைக்கு வந்து கடைசி வளையம் மட்டும் மிஞ்சியது. அவர் தன் பந்தை அழகாக வளையத்தின் வாயில் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தொப்பியைச் சரிசெய்தார். அவளுடைய பந்து தூரத்தில் கிடந்தது. அந்த நேரத்தில் புத்திசாலி ஒருவர் அவருடைய பந்தை அடித்து விலக்கப் பார்ப்பார். அவள் நேரே வளையத்துக்கு அடித்தாள். பந்து அவருடைய பந்தை உரசிக்கொண்டு, கம்பியில் தட்டி, கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே போனது. நல்ல ஆட்டமா என்று பிறகு தலைமை நடுவரிடம் கேட்டேன். மோசமான தீர்மானம், நல்ல அடி என்றார். தோற்றவர் கைகொடுத்ததும் றிஸ்னா சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் அழுதேன். காற்றில் மண் வந்தது என்று சொல்லிச் சமாளித்தேன்.

பிரதான சுற்றில் அவள் தோற்றுக்கொண்டே போனாள். ஒரே ஒரு ஆட்டம் வென்றாள், அதுவும் எங்கள் சங்கத் தலைவருக்கு எதிராக. அவர் அன்று மாலையே அவசர வேலையாகக் கொழும்புக்குப் போய்விட்டார். றிஸ்னாவின் பேர் உலகத் தரவரிசையில் கிட்டத்தட்ட அடியில் ஏறியது. அடியோ முடியோ, ஏறிவிட்டது. முகாமையாளர் தான் சொன்ன சொல்லை விழுங்கப் பார்த்தார். ஆனால் இரண்டு பஸ் சனம் பார்த்த விஷயமாகிவிட்டதால் பயிற்சியாளர் வேலையைக் கொடுக்கவேண்டி வந்தது.

கடைசி நாள் ஹோட்டலுக்கு இரண்டு வாகனங்கள் வந்தன. ஒன்றில் இரும்புக்கடைச் செயலாளர், மற்றதில் மன்னார்க் கிளைக்காரர். இருவர் கையிலும் மாலை. புத்தளத்தில் பிறந்து புத்தளத்தில் வளர்ந்த பிள்ளை என்றார் இவர். வாக்கும் வேரும் மன்னாரில் உள்ள பிள்ளை என்றார் அவர். தரவரிசையில் ஆள் உள்ள கிளைக்கு அடுத்த வருடம் கூடுதல் இடம் கிடைக்கும் என்று இருவரும் கேள்விப்பட்டிருந்தார்கள். ஒருவருக்கு முன்னால் மற்றவர் மாலையைப் போட்டுவிடப் பார்த்து, இருவரும் மாலையைத் தூக்கியபடி நின்றார்கள்.

றிஸ்னா இருவருக்கும் கதிரை போட்டாள். தேநீர் எடுப்பித்தாள். மாலைகளை வாங்கி மேசையில் வைத்தாள்.

"எனக்கு இனி உங்கட கடிதம் தேவையில்ல சேர். என்ட தங்கச்சி றிப்கா இருக்கிறா. அவவும் விளையாடுறா, என்னவிட நல்லா. அவவுக்கு உங்க ரெண்டு பேரில யார் கடிதம் தாறீங்க?"

புத்தளம் மன்னாரைப் பார்த்தது. மன்னார் புத்தளத்தைப் பார்த்தது. ஒருவர் நீங்களே என்றார், மற்றவர் இல்லையில்லை நீங்கள் என்றார். வாழ்க்கையில் அவ்வளவு விட்டுக்கொடுப்பை நான் கண்டதில்லை. தேநீரைக் குடித்துவிட்டு, சீனி அளவாக இருந்தது என்று சொல்லிப் போனார்கள்.

றிப்காவின் விண்ணப்பம் இந்த வருடமும் உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது. கடிதம் இல்லாமல்தான் வந்திருக்கிறது, எனக்குத் தெரியும். மேலதிக ஆட்டக்காரர் விதி இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டும் என்று குழுவில் பேச்சு வந்ததாம். புத்தகத்தைப் படித்தவர் ஒருவரும் இல்லாததால் எந்தப் பக்கம் என்று தெரியாமல் விட்டுவிட்டார்களாம். உங்களில் எவருக்கும் ஓய்வூதியம் இல்லை என்பதும், பலருக்குத் தவணைமுறையில் வாங்கிய மோட்டார் சைக்கிள் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் காலையில் அவள் வெள்ளை உடுப்போடு கூடாரத்தின் ஓரத்தில் வந்து நிற்பாள். உங்கள் தொலைபேசியும் அடிக்கும்.